வாய்க்குள் ஒரு சீரியல் பல்பு

மார்ச் 2, திங்கள்

இந்த டைரி ஒயர் கம்பெனிக்காரன் பொங்கலுக்கு இனாமாகக் கொடுத்தது. ஒன்றரை மாதமாகக் கடை மேசையின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. இன்று உருவி எடுக்க வேண்டியதாயிற்று. மேசை ஆடுகிறது. காரணம், துறையூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் புதிதாகப் பல் ஆஸ்பத்திரி போட்டிருக்கும் டாக்டர் ஜெசிந்தா. முப்பது வயதுகூட இருக்காது. என் ஆம்ப்ளிஃபயர் அவரைவிட மூத்தது.

நான் பொன்னுரங்கம். ரங்கம் ஒலி ஒளி அமைப்பகத்தின் உரிமையாளர், ஊழியர், அறிவிப்பாளர் எல்லாம் நானே. கல்யாணமோ காதுகுத்தோ திருவிழாவோ, மைக்கைப் பிடித்தால் கீழே வைக்க மாட்டேன். என் வாயை வாடகைக்கு விட்டுத்தான் வீடு கட்டினேன். அந்த வாயில் இப்போது கோளாறு. இடது கன்னத்தின் உள்பக்கம் ரசம் பட்டால் எரிகிறது. காரச் சட்னி பட்டால் எரிகிறது. தமயந்தி பேசினாலும் எரிகிறது. தமயந்தி என் மனைவி. அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"கன்னத்துல ரெண்டு இடத்துல வெள்ளைக் கோடு கோடா வலை மாதிரி இருக்கு சார். ஒண்ணு, வெள்ளி அடைச்ச அந்தக் கடவாய்ப் பல்லுக்கு நேரா. சிலருக்கு அந்த உலோகம் உரசி உரசி இப்படி ஆகும். இன்னொண்ணு அதுக்கும் பின்னாடி. அது வேற மாதிரி தெரியுது. பாக்கு போடுவீங்களா?"

"கல்யாண வீட்டுல தாம்பூலம் நீட்டினா மறுக்க மாட்டேன்மா. அது மரியாதை இல்ல."

தமயந்தி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அப்படி என்ன இருந்ததோ.

"மூணு விரலை அடுக்கி, நிமித்தி, பல்லுக்கு நடுவுல விடுங்க பார்ப்போம்."

இரண்டுதான் போயிற்று. என் விரல் கொஞ்சம் தடிமன் என்று விளக்கினேன். அவர் பதில் சொல்லாமல் எதையோ எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே பதில் சொல்லாத டாக்டர்களை நான் நம்புவதில்லை.

என்ன சாப்பிட்டேன், எப்போது எரிந்தது, எத்தனை பாக்கு என்று தினமும் எழுதிவரச் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன்.

மத்தியானம் ரசம், எரிந்தது. பாக்கு: இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

பொங்கல், சாம்பார். சாம்பார் எரிந்தது. பாக்கு: இல்லை.

மார்ச் 6, வெள்ளி

என் வெள்ளி போயிற்று.

இருபது வருடத்துக்கு முன்னால் திருச்சியில் அடைத்தது. இத்தனை காலமும் அது வாயில் சத்தம் போடாமல் கிடந்தது. அதை எடுத்துவிட்டு வெள்ளைப் பூச்சு அடைப்பாராம். ஒரு மாதத்தில் பல்லுக்கு நேரான கோடு மறைந்தால் வெள்ளிதான் குற்றவாளி என்று தெரிந்துவிடுமாம். வெள்ளி விலை மளமளவென்று ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒருவர் வந்து உன் வெள்ளி உனக்கு ஆகாது என்று சொன்னால் புத்தியுள்ளவன் என்ன நினைப்பான்?

என் வாயின் மேல் ஒரு ரப்பர் துணியை விரித்து, பல்லை மட்டும் வெளியே தெரியவிட்டார். உறிஞ்சுகுழாய் வேறு. எவ்வளவு வெள்ளி வந்தது என்று எனக்குத் தெரியக் கூடாது பாருங்கள். முடிந்ததும் கேட்டேன்.

"என் வெள்ளியைப் பொட்டலம் கட்டிக் குடுத்திடுங்கம்மா."

"அது வெறும் வெள்ளி இல்ல சார், பாதரசம் கலந்தது. கையில தரக் கூடாது. தனியா மூடி வச்சிருக்கோம். அதை எடுத்துட்டுப் போகன்னே ஆள் வருவாங்க."

ஆள் வருவார்களாம். நகைக்கடைத் தெருவிலும் ஆள்தான் வருகிறார்கள்.

பிறகு வெள்ளைப் பசையைக் கொஞ்சமாக வைத்து, பேனா மாதிரி ஒன்றால் நீல வெளிச்சம் அடித்தார். இன்னும் கொஞ்சம் வைத்தார், அடித்தார். ஒவ்வொரு முறையும் ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தகட்டைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளிச்சத்தை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன் நான். காட்டுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வெளிச்சத்தை நான் நம்புவதில்லை.

"ஒரேயடியா அடைச்சு ஒரேயடியா வெளிச்சம் அடிக்கக் கூடாதா?"

"அடிவரைக்கும் போகாது சார். உள்ள இறுகாம இருந்தா அந்தப் பசையே ஈறை அரிக்கும்."

வேகாத இட்லி வயிற்றைப் பிடிப்பது போல. இதை மட்டும் நம்பினேன்.

கிளம்பும்போது தமயந்தி பின்தங்கி டாக்டரம்மாவிடம் குசுகுசுவென்று ஏதோ பேசினாள். வெளியே வந்ததும் விசாரித்தேன்.

"அந்தச் சேலை எங்க எடுத்தீங்கன்னு கேட்டேன்."

டாக்டரம்மா சுடிதார் போட்டிருந்தார்.

தயிர் சோறு. எரியவில்லை. பாக்கு: இல்லை.

மார்ச் 11, புதன்

டீக்கடையில் சந்தானம். ஊரில் இன்னொரு மைக்செட் வைத்திருப்பவன். நான் கட்டிய கம்பத்திலேயே அவன் குழாயைக் கட்டும் தைரியசாலி. வெள்ளிக் கதையைச் சொன்னேன். "யோவ் ரங்கம், உன் பல்லு இந்நேரம் யாரு காலுலயாச்சும் கொலுசா கெடக்கும்" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிக்கத்தான் தோன்றியது. பாதியில் கன்னம் இழுத்துக்கொண்டது.

மூன்று விரல் சோதனையை எல்லோருக்கும் செய்து பார்த்தேன். மாஸ்டருக்கு மூன்று. தபால்காரருக்கு மூன்று. சந்தானத்துக்கு நான்கு போகிறது. அந்த வாயிலிருந்து சரியான தமிழில் ஒரு அறிவிப்பு வந்ததில்லை.

எனக்கு இரண்டு. நகம் வெட்டிய பிறகும் இரண்டு.

வடை, டீ. டீ எரிந்தது. பாக்கு: இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

கடைக்குப் பின்னால் ஷெட்டில் பழுதான குழாய் ஸ்பீக்கர் ஒன்று உண்டு. அதற்குள் சில பொருள்கள் வைத்திருந்தேன். என்ன பொருள் என்று இந்த டைரியில் எழுத வேண்டிய அவசியமில்லை. விஷயம், அவை குறைகின்றன. கைக்குத் தெரிகிறது. நேற்று சரம் நீளமாக இருந்தது, இன்று அவ்வளவு இல்லை.

போலீசில் சொல்ல முடியாது. தமயந்தியிடம் அதைவிடச் சொல்ல முடியாது.

எலியாக இருக்கலாம்.

இட்லி, சட்னி இல்லாமல். பாக்கு: இல்லை.

மார்ச் 21, சனி

எலி இல்லை. எலி உறையைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். இது உறையோடு போகிறது. ஷெட்டுச் சாவி இருக்கும் இடம் சந்தானத்துக்குத் தெரியும். கவனிக்க வேண்டும்.

மத்தியானம் பல் ஆஸ்பத்திரி. எனக்கு முன்னால் லூர்துமேரி டீச்சர் உட்கார்ந்திருந்தார். கழுத்து ஒரு பக்கம் கறுத்துப் போய், கையில் தண்ணீர் பாட்டிலோடு. நாக்குப் பக்கம் புற்றாம். திருச்சியில் அறுவை முடிந்து இப்போது கரண்ட் வைக்கிறார்களாம். எத்தனை வோல்ட் என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். கரண்ட் வைத்ததில் வாயெல்லாம் புண். அதற்கு டாக்டரம்மா ஒரு சிவப்பு வெளிச்சத்தை ஒவ்வொரு இடமாகக் காட்டினார். சூடு இல்லை, வலி இல்லை, சத்தம்கூட இல்லை.

"நேத்து ரசம் சோறு சாப்பிட்டேன் அண்ணே. ஒரு மாசத்துக்கு அப்புறம்" என்றார் டீச்சர், ஏதோ விருதுநகர் பரோட்டா சாப்பிட்டது மாதிரி.

சரியாக நான் வரும் நேரத்தில் சரியாக ஒருவர் குணமாகி உட்கார்ந்திருக்கிறார். துணிக்கடை வாசலில் பொம்மை நிறுத்துவது எதற்கு என்று எனக்குத் தெரியாதா?

இருந்தாலும் கேட்டேன். "எனக்கும் அந்தச் சிவப்பு லைட்டைக் காட்டுங்கம்மா."

"உங்களுக்கு முடியாது சார்."

"ஏன், நான் காசு குடுக்க மாட்டேனா?"

"அவங்களுக்கு என்ன நோய், எங்க இருந்துச்சு, எந்த இடத்துல காட்டலாம் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்காங்க. உங்க பின்பக்கக் கோடு என்னன்னே எனக்கு இன்னும் தெரியாது. இந்த வெளிச்சம் செல்லைச் சுறுசுறுப்பாக்கும். அது நல்ல செல்லா கெட்டதான்னு வெளிச்சத்துக்குத் தெரியாது. முதல்ல துளியூண்டு சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம்."

"மாரியம்மன் திருவிழா முடியட்டும்" என்றேன்.

"எப்போ முடியும்?"

"அது அம்மன் கையில இருக்கு."

தமயந்தி கண்ணால் டாக்டரம்மாவிடம் ஏதோ சொன்னாள். டாக்டரம்மா கண்ணால் பதில் சொன்னார். முதலில் வெள்ளி. இப்போது சதை. வீட்டுப் பத்திரத்தை எங்கே வைத்திருக்கிறோம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கஞ்சி. பாக்கு: இல்லை.

மார்ச் 23, திங்கள்

நாலாயிரம் பல்பு வைத்திருப்பவன் ஒரு சிவப்பு வெளிச்சத்துக்காக இன்னொருவரிடம் கெஞ்சுவதா?

திருவிழா சீரியல் செட்டிலிருந்து பிரகாசமான சிவப்புப் பல்பாக மூன்று எடுத்து, குச்சியில் கட்டி, பாலிதீன் உறை மாட்டி, பழைய அடாப்டரில் இணைத்தேன். ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கன்னத்துக்குள் வைத்துக்கொண்டேன். டாக்டரம்மா ஒரு இடத்துக்கு ஒரு நிமிடம்கூடக் காட்டவில்லை. நான் தாராளமாக, ஒரு மாலைச் செய்தி முழுக்க.

கண் திறந்தால் கதவு இடுக்கில் தமயந்தி.

"என்னங்க இது, கன்னம் கோயில் கோபுரம் மாதிரி எரியுது?"

வாயில் பல்பு. பதில் சொல்ல முடியவில்லை. திருமணமான நாளிலிருந்து எங்களுக்குள் சண்டை வராத முதல் கேள்வி அது.

பாக்கு: இல்லை.

மார்ச் 30, திங்கள்

வைத்தியம் பலித்துவிட்டது. ஒரு வாரமாக எரிச்சல் இல்லை.

காலை: இட்லி, சர்க்கரை. மத்தியானம்: தயிர் சோறு. ஊறுகாய் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இரவு: பாலில் ஊறிய பன். எரிச்சல் அறவே இல்லை. டாக்டரம்மாவுக்கு இதைத் தெரியப்படுத்தலாமா என்று யோசிக்கிறேன். தொழில் ரகசியம், வேண்டாம்.

கன்னத்தில் பல்பு பட்ட இடத்தில் சின்னதாக ஒரு கொப்புளம். அது குணமாகும் அறிகுறி.

குழாய்க்குள் சரம் பாதியாகிவிட்டது. சந்தானத்தை நேரில் பார்த்து, "யோவ், ஒருத்தன் பொருளை எடுக்கிறது நல்லாயில்ல" என்றேன். "உன் கம்பத்தைத்தானே சொல்றே, திருவிழா முடிஞ்சதும் கழட்டிடுறேன்" என்றான். நடிக்கிறான்.

பாக்கு: இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

அம்மன் அலங்காரத் திரை விலகும் நேரத்தில் மைக்கில் நான் ஒரு குரல் கொடுப்பேன். "தாயே, மகமாயீ" என்று. அந்த முதல் "தா"வை இழுக்கும் இழுப்பில் கூட்டம் தானாகக் கையைத் தூக்கும். பக்கத்து ஊரிலிருந்து இதற்காகவே கூப்பிடுவார்கள்.

இன்று திரை விலகியது. வாயைத் திறந்தேன். தாடை பாதியில் நின்றுவிட்டது. பூட்டிய கதவைத் தோளால் இடிப்பது போல இரண்டு முறை முயன்றேன். மைக்கில் காற்று மட்டும் போனது. கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. அம்மனைப் பார்க்க வந்த கூட்டம்.

சந்தானம் பக்கத்திலிருந்து மைக்கை எடுத்தான். பிடுங்கவில்லை, எடுத்தான். குரல் கொடுத்தான். கையெல்லாம் தூக்கினார்கள். பிறகு என் காதோடு, "தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லிடுறேன், போய் உக்காரு" என்றான்.

அவன் கேலி செய்திருந்தால் சமாளித்திருப்பேன்.

மைக்கில் ஏதாவது கோளாறு இருக்கும். நாளை பிரித்துப் பார்க்க வேண்டும்.

பாக்கு: இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

மைக்கில் கோளாறு இல்லை.

மருந்துக் கடையில் லூர்துமேரி டீச்சரைப் பார்த்தேன். இரண்டு சொல்லுக்கு ஒரு மிடறு தண்ணீர் குடித்துக்கொண்டு பேசுகிறார். எச்சில் ஊறுவதில்லையாம். கண்டுபிடித்துவிடலாம் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"டாக்டரம்மா உங்களுக்குச் சொந்தமா டீச்சர்?"

"எனக்கா? போன மாசம் வரைக்கும் அவங்க பேருகூடத் தெரியாது. ஏன் அண்ணே?"

"சும்மா. ரொம்ப அக்கறையா பாக்கிறாங்களேன்னு. உங்களுக்கு எப்படி ஆரம்பிச்சுது?"

"வெள்ளையா ஒரு கோடு அண்ணே, அவ்வளவுதான். எரியும். அப்புறம் எரிச்சல் நின்னுடுச்சு. சரியாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

மாத்திரைக்கு வந்தவன் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, புதன்

மழை.

ஏப்ரல் 10, வெள்ளி

நானே போனேன். தமயந்திதான் செருப்பு மாட்ட நேரமாக்கினாள்.

பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் முதலில் மலர்ந்தது. "பல்லுக்கு நேரா இருந்த கோடு நல்லா மங்கிடுச்சு சார். அந்த இடத்துக்கு வெள்ளிதான் காரணம்." பாதி வழக்கில் எனக்கு வெற்றி. வெள்ளியை இத்தனை நாள் நான் கட்சி கட்டிக் காப்பாற்றியது வேறு விஷயம்.

பிறகு கண்ணாடியை உள்ளே தள்ளினார். முகம் மாறியது.

"பின்னாடி அப்படியே இருக்கு. பக்கத்துல இது என்ன புதுசா, சுட்ட மாதிரி?"

தமயந்தி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"சீரியல் பல்பு டாக்டர்" என்றாள் அவள். "மாரியம்மன் கோயிலுக்குப் போடுறது. மூணு."

டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"எந்த வெளிச்சம், எவ்வளவு, எவ்வளவு நேரம்னு அளந்து வச்சுக் காட்டுற நானே உங்க வாயில காட்டப் பயந்தேன். உங்களுக்கு என்ன சார் அவ்வளவு அவசரம்?"

"டெஸ்ட் எடுத்தா என்னன்னு தெரிஞ்சிடுமே, அதான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

சதை எடுத்தார். அரிசி மணி அளவுதான். ஒரு தையல். இம்முறை அதை எனக்குக் காட்டிவிட்டே புட்டியில் போட்டார். பொட்டலம் கட்டித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை முதல் நாள். இலை நிறைய இருந்தது, நான் பாயசத்தோடு நிறுத்திக்கொண்டேன். மாங்காய்ப் பச்சடியைத் தமயந்தி என் இலையில் வைக்கவில்லை. அவள் இலையிலும் வைத்துக்கொள்ளவில்லை.

சந்தானம் வந்தான். தொண்டை எப்படி என்றான். பரவாயில்லை என்றேன். அடுத்த வாரம் ஒரு காதுகுத்து இருக்கிறது, நீ வந்து பேசு, செட்டு என்னுடையது என்றான். பொருள் திருடுகிறவன் பேசும் பேச்சாக இல்லை. சந்தேகப்படுவதற்கு ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

குழாய்க்குள் ஏழெட்டு இருந்தால் அதிகம். தொடவில்லை. அதாவது, அதிகம் தொடவில்லை.

பாக்கு: இல்லை.

ஏப்ரல் 18, சனி

ரிசல்ட் வந்துவிட்டது. டாக்டரம்மா உறையைப் பிரித்துப் படித்த நேரத்தில் இந்த ஊருக்கு முழுக்க சீரியல் செட் கட்டி முடித்திருக்கலாம்.

"புற்று இல்ல."

தமயந்தி என் முழங்கையைப் பிடித்தாள். வலிக்கும்படி பிடித்தாள்.

"ஆனா செல்லு மாற ஆரம்பிச்சிருக்கு. கன்னத்துச் சதை நார் மாதிரி இறுகிட்டு வருது, அதனாலதான் வாய் திறக்கல. ரெண்டுக்கும் காரணம் பாக்கு. இன்னைக்கு நிறுத்தினா இதோட நிக்க நல்ல வாய்ப்பு இருக்கு. வாய் திறக்கப் பயிற்சி சொல்லித் தரேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வரணும். டைரி கொண்டு வந்தீங்களா?"

கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். நான் எழுதியதைப் படித்து உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் கொலுசு வரைக்கும் வந்துவிட்டார் என்று ஊகித்துக்கொண்டேன்.

"தினமும் 'பாக்கு: இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. நாலஞ்சு பக்கத்து ஓரத்துல காவிக் கறை இருக்கே சார். அது என்ன, ரசமா?"

தமயந்தி கைப்பையைத் திறந்தாள். உள்ளே பாக்குப் பொட்டலம். சரம் சரமாக இல்லை, ஒவ்வொன்றாகக் கிழித்தது. பை நிறைய.

"ஒரேயடியா எடுத்தா ஊரைக் கூட்டிடுவாருன்னு சொன்னேன். அப்போ தினம் ரெண்டு ரெண்டா எடுங்க, தானா குறையட்டும்னு டாக்டர்தான் சொன்னாங்க" என்றாள்.

எலியைச் சந்தேகப்பட்டேன். சந்தானத்தைச் சந்தேகப்பட்டேன். டாக்டரம்மாவையும் டீச்சரையும் நகைக்கடைத் தெருவையும் சந்தேகப்பட்டேன். தமயந்தியைக்கூட எதற்கெல்லாமோ சந்தேகப்பட்டேன், இதற்கு மட்டும் இல்லை.

"சேலையைப் பத்திக் கேட்டேன்னு சொன்னியே" என்றேன்.

"நீங்க தாம்பூலத்தைப் பத்திச் சொன்னீங்களே" என்றாள்.

ஏப்ரல் 20, திங்கள்

காலையில் ஐஸ் குச்சிகளைப் பல் இடுக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்துச் செருகி வாய் திறக்கும் பயிற்சி. நேற்றைவிட இன்று ஒரு குச்சி அதிகம் போனது. "தா" வருகிறதா என்று பார்த்தேன். முழுதாக வரவில்லை. வாசலில் படுத்திருந்த நாய் மட்டும் தலையைத் தூக்கியது.

இட்லி, தேங்காய்ச் சட்னி, மிளகாய் இல்லாமல்.

பாக்கு: ஒன்று. கடை திறந்ததும். பாதியில் துப்பிவிட்டேன்.

மை காய்வதற்குள் தமயந்தி தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டாள்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"நிஜமா?"

"ஏம்மா, நாப்பது நாளா இல்லை இல்லைன்னு எழுதினப்ப ஒரு நாள் கேட்டியா? இன்னைக்கு ஒண்ணுன்னு எழுதினா கேக்கிற."

"வாயைத் தொறங்க."

கடை டார்ச்சை எடுத்து வந்துவிட்டாள். திறந்தேன், திறந்த வரைக்கும். கன்னத்தை விரலால் விலக்கிப் பிடித்து உள்ளே வெளிச்சம் அடித்தாள். தையல் போட்ட இடம், கொப்புளம், வெள்ளை வலை, புதுப் பல், காவிக் கறை, எல்லாம் அங்கேதான் இருந்திருக்கும். நாறவும் நாறியிருக்கும்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.